எஃப்டிபி சான்றிதழ் பதவி உயர்வுக்குக் கைகொடுக்குமா? கல்லூரி ஆசிரியர்கள் பதிவு செய்யும் முன் பார்க்க வேண்டியவை

துறை வாட்ஸ்அப் குரூப்பில் வாரத்துக்கு இரண்டு போஸ்டராவது வந்து விழும். 'ஐந்து நாள் தேசிய அளவிலான ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி. அனைவருக்கும் இ-சான்றிதழ்.' கீழே ஒரு கியூஆர் கோடு, நாலைந்து லோகோ. உடனே யாராவது ஒருவர் கேட்பார்: "சார், இது சிஏஎஸ்-க்கு கவுண்ட் ஆகுமா?" பெரும்பாலும் பதில் வராது. இல்லையென்றால், "போட்டு வைங்க, எதுக்காவது ஆகும்" என்று வரும்.

அந்த 'எதுக்காவது' என்பதில்தான் சிக்கல். நீங்கள் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து மூன்று, நான்கு வருஷம் ஆகியிருந்தால், எந்தப் பயிற்சியை எப்போது முடிக்கிறீர்கள் என்பது உங்கள் சம்பளத்தையும் பதவி உயர்வுத் தேதியையும் நேரடியாகத் தொடும். பத்து சான்றிதழ் கையில் இருந்தும், தேவையான அந்த ஒன்று இல்லாமல் ஃபைல் திரும்பி வருவது கல்லூரிகளில் நடக்கும் விஷயம்தான். என்னென்ன பயிற்சிகள் இருக்கின்றன, யார் நடத்துகிறார்கள், எப்போது வரும், எதற்கு உதவும் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

சிஏஎஸ் என்றால் என்ன? பயிற்சிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

சிஏஎஸ் என்பது பணி முன்னேற்றத் திட்டம். காலியிடம் வரும் வரை காத்திருக்காமல், பணிக்காலமும் தகுதியும் நிறைவானால் அடுத்த படிக்கு உயர வழிசெய்யும் ஏற்பாடு. இதற்கான நிபந்தனைகளை யுஜிசி 2018 ஜூலையில் வெளியிட்ட விதிமுறைகள் சொல்கின்றன.

ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியர் சேருவது லெவல் 10-ல். அங்கே தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.57,700. அடுத்தது லெவல் 11, தொடக்கம் ரூ.68,900. அதன் பிறகு லெவல் 12, ரூ.79,800. அதையும் தாண்டி இணைப் பேராசிரியர் ஆனால் லெவல் 13ஏ, ரூ.1,31,400. ஒவ்வொரு படியிலும் 'இத்தனை வருஷப் பணி' என்ற நிபந்தனைக்குப் பக்கத்திலேயே 'இன்னின்ன பயிற்சி' என்ற நிபந்தனையும் இருக்கிறது. வருஷம் தானாக ஓடிவிடும். பயிற்சியை நாம்தான் தேடிப் போய் முடிக்க வேண்டும்.

முதல் படிக்கு என்னென்ன வேண்டும்?

லெவல் 10-லிருந்து 11-க்குப் போக, பிஎச்.டி. இருந்தால் 4 வருஷம், எம்.ஃபில். இருந்தால் 5 வருஷம், இரண்டும் இல்லையென்றால் 6 வருஷம் பணி செய்திருக்க வேண்டும். ஆண்டு மதிப்பீடும் திருப்தியாக இருக்க வேண்டும். பயிற்சி விஷயத்தில் கேட்பது இரண்டு.

ஒன்று, கற்பித்தல் முறை குறித்த 21 நாள் ஓரியண்டேஷன் பயிற்சி. இது கட்டாயம். இதற்கு வேறு மாற்று கிடையாது.

இரண்டாவதில் உங்களுக்குச் சாய்ஸ் உண்டு. ஒரு ரெஃப்ரெஷர் அல்லது ஆராய்ச்சி முறையியல் பயிற்சி முடித்திருக்கலாம். இல்லையென்றால் குறைந்தது ஒரு வாரம், அதாவது 5 நாள் நடக்கும் பயிற்சிப் பட்டறை, பாடத்திட்டப் பட்டறை, எஃப்டிபி போன்றவற்றில் ஏதாவது இரண்டு. அதுவும் இல்லையென்றால் மின்-சான்றிதழோடு ஒரு மூக் பாடம், அதாவது ஸ்வயம் போன்ற தளத்தில் எடுத்து முடிக்கும் ஆன்லைன் படிப்பு.

வாட்ஸ்அப்பில் வரும் 5 நாள் எஃப்டிபி எந்த இடத்தில் பொருந்துகிறது என்று இப்போது புரிந்திருக்கும். ஏற்கத்தக்கது இரண்டு இருந்தால் இரண்டாவது நிபந்தனை முடிந்தது. ஆனால் இருபது எஃப்டிபி சேர்த்தாலும் முதல் நிபந்தனையான ஓரியண்டேஷனை அவை ஈடுகட்டாது. 3 நாள் பயிற்சி, ஒரு நாள் வெபினார் எல்லாம் அறிவுக்கு நல்லது, இந்தக் கணக்கில் சேராது.

அடுத்தடுத்த படிகளில் அளவு கூடும். லெவல் 11-லிருந்து 12-க்குப் போக 5 வருஷப் பணி வேண்டும். அங்கே பயிற்சி குறைந்தது இரண்டு வாரம், அதாவது 10 நாள் இருக்க வேண்டும். அல்லது அப்படி ஒவ்வொரு பயிற்சிக்கும் பதிலாக ஒரு வாரப் பயிற்சி இரண்டு காட்டலாம். மூக் பாடமும் ஒரு வழி. லெவல் 13ஏ-வுக்கு 3 வருஷப் பணியோடு பிஎச்.டி.யும் அவசியம். பயிற்சிகள் அந்தந்த மதிப்பீட்டுக் காலத்துக்குள் முடித்தவையாக இருக்க வேண்டும். முந்தைய உயர்வுக்குக் காட்டிய பழைய சான்றிதழை மறுபடி தூசி தட்டி எடுத்து வைக்க முடியாது.

ஒரு வருஷம் தள்ளிப்போனால் என்ன குடியா முழுகிவிடும்?

கணக்கைப் பார்ப்போம். லெவல் 10-ன் முதல் கட்டத்தில் ரூ.57,700-க்குச் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். முன்கூட்டிய இன்கிரிமென்ட் எதுவும் இல்லை, வருஷா வருஷம் வரும் இன்கிரிமென்ட் மட்டும்தான். நான்கு வருஷம் முடியும்போது அவரது அடிப்படை ஊதியம் ரூ.64,900. பதவி உயர்வு கிடைத்தால் ஒரு இன்கிரிமென்ட் கொடுத்து லெவல் 11-ல் பொருத்துவார்கள், அது ரூ.68,900. மாதத்துக்கு ரூ.4,000 வித்தியாசம். வருஷத்துக்கு ரூ.48,000. இது வெறும் அடிப்படை ஊதியம். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் இதன் மேல்தான் கணக்கிடப்படும்.

பணத்தைவிடப் பெரியது தேதி. எல்லா நிபந்தனைகளையும் குறைந்தபட்சக் காலத்துக்குள் முடித்து விண்ணப்பித்தால், தகுதி பெற்ற நாளிலிருந்தே உயர்வு வரும். ஏதோ ஒன்றைப் பிறகு முடித்தால், முடித்துத் தகுதி பெற்ற அந்தப் பிந்தைய தேதியிலிருந்துதான். அடுத்த படிக்கான 5 வருஷக் கடிகாரம் ஓடத் தொடங்குவதும் அந்தத் தேதியில்தான். ஆக, இன்று தள்ளிப்போகும் ஒரு வருஷம் இணைப் பேராசிரியர் ஆகும் வரை கூடவே வரும்.

ஓரியண்டேஷன், ரெஃப்ரெஷர் எங்கே நடக்கும்?

1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழகங்களில் 'அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்' என்ற பெயரில் ஆசிரியர் பயிற்சி மையங்களை யுஜிசி தொடங்கியது. சீனியர் பேராசிரியர்கள் இன்றும் 'ஸ்டாஃப் காலேஜ் போயிட்டு வந்தேன்' என்று சொல்வது இதைத்தான். 2015-ல் இவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டபோது மறுபடி பெயர் மாறி, மதன் மோகன் மாளவியா ஆசிரியர் பயிற்சி மையங்கள் ஆகின. அப்போது அறிவிக்கப்பட்ட கணக்கு, நாடு முழுக்க 111 மையங்கள், 15 லட்சம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி.

டெல்லி ஜேஎன்யு, ஜாமியா, வாரணாசி பிஎச்யு என்று தொடங்கி, சென்னைப் பல்கலைக்கழகம், பாரதியார், பாரதிதாசன், மதுரை காமராசர் வரை இந்த மையங்கள் இருக்கின்றன. உங்கள் ஊருக்குப் பக்கத்து மையத்தில்தான் சேர வேண்டும் என்றில்லை. ஆன்லைனில் நடக்கும் பயிற்சி என்றால் கோவையில் இருந்துகொண்டே வடக்கே ஒரு மையத்தின் வகுப்பில் சேரலாம். உள்ளூர் மையத்தில் சீட் நிரம்பிவிட்டது என்று கை கட்டி உட்காராமல், மற்ற மையங்களின் பட்டியலையும் பாருங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான ஓரியண்டேஷன் இப்போது பெரும்பாலும் 'ஃபேகல்டி இண்டக்‌ஷன் புரோகிராம்' என்ற பெயரில் நடக்கிறது. இதற்காக 2019-ல் 'குரு தக்‌ஷதா' என்ற வழிகாட்டியை யுஜிசி வெளியிட்டது. கிட்டத்தட்ட ஒரு மாதம் ஓடும் பயிற்சி இது.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். மாளவியா திட்டத்தின் கீழ் இரண்டு வார ஆன்லைன் பயிற்சி ஒன்றும் இருக்கிறது. பெயர் 'என்இபி ஓரியண்டேஷன் அண்ட் சென்சிடைசேஷன்'. புதிய கல்விக் கொள்கையை ஒட்டி இந்திய அறிவு மரபு, ஆராய்ச்சி, தலைமைத்துவம், திறன் மேம்பாடு, மாணவர் பன்மைத்துவம், தகவல் தொழில்நுட்பம் உள்ளிட்ட எட்டு தலைப்புகளில் வகுப்புகள் இருக்கும். பெயரில் ஓரியண்டேஷன் இருப்பதாலேயே இதுதான் அந்த 21 நாள் ஓரியண்டேஷன் என்று நினைத்துவிடாதீர்கள். சான்றிதழில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

இன்ஜினியரிங், பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு?

உங்களுக்கு யுஜிசியோடு ஏஐசிடிஇ பக்கமும் கதவுகள் உண்டு. முதலாவது அடல் அகாடமி. செயற்கை நுண்ணறிவு, சைபர் பாதுகாப்பு போன்ற புதிய துறைகளில் ஒரு வார அளவிலான எஃப்டிபிகளை நாடு முழுக்கப் பல கல்லூரிகள் வழியாக நடத்துகிறது. வருகைப் பதிவும் கடைசியில் தேர்வும் உண்டு. லாகின் பண்ணிவிட்டு கேமராவை ஆஃப் செய்துவிட்டுப் போனால் சான்றிதழ் வராது.

இரண்டாவது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான எட்டு மாட்யூல் பயிற்சி. ஸ்வயம் தளத்தில் படித்து ஒவ்வொரு மாட்யூலாகத் தேறலாம். மூன்றாவது, தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள். சென்னை தரமணி, கொல்கத்தா, போபால், சண்டிகர் என நான்கு இடங்களில் 1960-களிலிருந்து இயங்குகின்றன. நீண்ட காலத் திட்டம் வேண்டுமென்றால் 1970-ல் தொடங்கிய தர மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. வேலையை விடாமலேயே ஐஐடி போன்ற இடங்களில் மேற்படிப்பு முடிக்க ஆசிரியர்களுக்கு உதவும் வழி அது.

சமூக அறிவியல் ஆசிரியர்கள் ஐசிஎஸ்எஸ்ஆர் நிதியில் நடக்கும் திறன் மேம்பாட்டுப் பயிற்சிகளைக் கவனிக்கலாம். ஆய்வு முறை, தரவுப் பகுப்பாய்வு இரண்டும் அங்கே நன்றாகக் கிடைக்கும்.

லீவே கிடைக்காது, என்ன செய்ய?

அப்படிப்பட்டவர்களுக்குத்தான் ஸ்வயமும் என்பிடெல்லும். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல்லில் படிப்பதற்குக் கட்டணம் இல்லை, தேர்வுக்குத்தான் கட்டணம். வாரா வாரம் அசைன்மென்ட், கடைசியில் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வு. மதிப்பெண்ணில் 25 சதவீதம் அசைன்மென்ட், 75 சதவீதம் தேர்வு.

என்பிடெல் பாடங்கள் சிலவற்றை ஏஐசிடிஇ எஃப்டிபியாகவும் அங்கீகரிக்கிறது. 8 வாரப் பாடம் ஒரு வார எஃப்டிபிக்குச் சமம், 12 வாரப் பாடம் ஒன்றரை வாரத்துக்குச் சமம். 4 வாரப் பாடம் அரை வாரம்தான், எனவே தனியாக அது 5 நாள் வரம்பைத் தொடாது. எல்லாப் பாடத்துக்கும் இந்தச் சலுகை இல்லை. பதிவு செய்யும் முன் அந்தப் பாடம் எஃப்டிபி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2018-ல் தொடங்கிய 'அர்பிட்' என்ற ஆன்லைன் ரெஃப்ரெஷரும் ஸ்வயம் வழியாக வந்ததுதான். 40 மணி நேரப் பாடம். முடித்துத் தேறினால் ஒரு ரெஃப்ரெஷருக்குச் சமமாக எடுத்துக்கொள்ள யுஜிசி வழி செய்தது.

இரவு பத்து மணிக்கு, பிள்ளைகள் தூங்கிய பிறகு அசைன்மென்ட் போடும் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நேரில் போகும் பயிற்சிக்கு வீட்டில் ஒத்துழைப்பு கிடைக்காத பெண் ஆசிரியர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் ஒன்று: அசைன்மென்ட்டை எல்லாம் முடித்துவிட்டுத் தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசித் தேதியைத் தவறவிட்டால் சான்றிதழ் கிடைக்காது. அந்தத் தேதியை போனில் அலாரமாகவே போட்டு வையுங்கள்.

எப்போது எதைத் தேட வேண்டும்?

ஸ்வயம், என்பிடெல் பாடங்கள் ஜனவரி, ஜூலை என வருஷத்தில் இரண்டு பருவங்களில் தொடங்கும். பதிவு அதற்கு முன்பே திறந்துவிடும். மாளவியா மையங்கள் தங்கள் வருடாந்திரப் பயிற்சி அட்டவணையை இணையதளத்தில் போடும். அடல் எஃப்டிபிகளும் பட்டியலாக வரும். வாட்ஸ்அப்பில் போஸ்டர் வரும் வரை காத்திருந்தால் நல்ல பயிற்சிகளில் இடம் போயிருக்கும்.

21 நாள் பயிற்சியை செமஸ்டர் விடுமுறையை ஒட்டி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். செமஸ்டர் நடுவில் மூன்று வாரம் விடுவிக்க எந்த ஹெச்ஓடியும் எளிதில் சம்மதிக்க மாட்டார். சேர்ந்த இரண்டாவது வருஷத்திலேயே ஓரியண்டேஷனை முடித்துவிட்டால் கடைசி நேரப் பதற்றம் இருக்காது.

போஸ்டரைப் பார்த்ததும் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. யார் நடத்துகிறார்கள்? பல்கலைக்கழகமா, அங்கீகாரம் பெற்ற கல்லூரியா, அரசு அமைப்பா, அல்லது பெயரே கேள்விப்படாத ஒரு 'அகாடமி'யா? போஸ்டரில் யுஜிசி லோகோ இருப்பதும் யுஜிசி நடத்துவதும் ஒன்றல்ல.

2. எத்தனை நாள், எத்தனை மணி நேரம்? தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் சான்றிதழில் தெளிவாக இருக்குமா? தினம் ஒரு மணி நேரம் வீதம் ஐந்து நாள் நடக்கும் நிகழ்ச்சியை ஸ்கிரீனிங் கமிட்டி 'ஒரு வாரம்' என்று ஏற்குமா என்பது சந்தேகம்தான்.

3. வருகைப் பதிவு, தேர்வு, அசைன்மென்ட் உண்டா? கூகுள் ஃபார்ம் நிரப்பியதும் சான்றிதழ் வந்து விழுந்தால், அதன் மதிப்பும் அவ்வளவுதான். ஊரடங்கு காலத்தில் இப்படிச் சேர்த்த சான்றிதழ்கள் பலரது ஃபைலில் கனமாக இருக்கின்றன, பயன்தான் இல்லை.

4. உங்கள் பாடத்தோடு தொடர்பு உண்டா? தமிழ்த்துறை ஆசிரியர் பிளாக்செயின் எஃப்டிபி முடித்தால் தவறில்லை. ஆனால் தொடர்பு என்ன என்று கமிட்டி கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

5. பணம் கட்டச் சொன்னால், எதற்கு? நேரடிப் பயிற்சியில் சாப்பாடு, தங்குமிடம், லேப் செலவு இருக்கும், நியாயம். 'சான்றிதழ் கட்டணம்' மட்டும் என்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

சந்தேகம் இருந்தால், பதிவு செய்யும் முன்பே உங்கள் கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவிடம், அதாவது ஐக்யூஏசியிடம், ஒரு மெயில் போடுங்கள். 'ஆகும்' என்று வாய்மொழியாகச் சொன்னவர் உங்கள் ஃபைல் மேஜைக்கு வரும்போது அந்த நாற்காலியில் இல்லாமல் போகலாம். மெயில் இருக்கும்.

கல்லூரி ஓடி தர மறுத்தால் என்ன பேசுவது?

பயிற்சிக்குப் போவது உங்கள் சொந்த வேலை என்பது போலச் சில நிர்வாகங்கள் பேசும். அது அப்படியல்ல. நாக் மதிப்பீட்டின் ஆறாவது அளவுகோலில் ஆசிரியர் மேம்பாடு ஒரு தனிப் பகுதி. எத்தனை ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போனார்கள், கல்லூரி அவர்களுக்கு நிதி உதவி செய்ததா என்ற விவரங்கள் அதில் கேட்கப்படுகின்றன. உங்கள் சான்றிதழின் நகல் கல்லூரியின் ஃபைலுக்கும் போகிறது, அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

ஆகவே, "மேடம், எனக்கு அஞ்சு நாள் லீவு வேணும்" என்று ஆரம்பிக்காமல், "மேடம், இந்த எஃப்டிபி நம்ம நாக் ரிப்போர்ட்டுக்கும் உதவும். என் வகுப்புகளை இன்னார் பார்த்துக்க ஒத்துக்கிட்டாங்க. ஓடி கொடுத்தா போயிட்டு வந்து துறையில ஒரு செஷன் எடுக்கறேன்" என்று பேசிப் பாருங்கள். மாற்று ஏற்பாட்டோடு எழுத்தில் கேட்கும் கோரிக்கையை மறுப்பது கொஞ்சம் கஷ்டம்.

சுயநிதிக் கல்லூரி, கௌரவ விரிவுரையாளர்: எங்களுக்கு இதனால் என்ன?

நியாயமான கேள்வி. பல சுயநிதிக் கல்லூரிகளில் சிஏஎஸ் என்ற பேச்சே கிடையாது. ஒப்பந்த அடிப்படையிலோ தற்காலிகமாகவோ செய்த பணியைப் பின்னால் கணக்கில் சேர்க்க 2018 விதிமுறையில் வழி இருக்கிறது. ஆனால் முறையான தேர்வுக் குழு வழியாக நியமனம், நிரந்தர ஆசிரியருக்குக் குறையாத மொத்த ஊதியம் போன்ற நிபந்தனைகள் அதில் உண்டு. மணிக் கணக்கில் தொகுப்பூதியம் வாங்குபவர்களில் பெரும்பாலானோர் அந்த வரம்புக்குள் வர மாட்டார்கள்.

அப்படியானால் இவர்களுக்கு வேறு அளவுகோல் வேண்டும். சான்றிதழ் எண்ணிக்கையைத் துரத்தாமல், அடுத்த நேர்காணலில் நின்று பேசக்கூடிய இரண்டு மூன்று பயிற்சிகளை எடுங்கள். நேரில் தேர்வு எழுதித் தேறிய ஒரு 12 வார என்பிடெல் பாடம், தேர்வே இல்லாத பத்து எஃப்டிபிகளைவிட அங்கே கனமாகப் பேசும். கட்டணப் பயிற்சிகளில் குறைந்த சம்பளத்தைக் கரைக்காதீர்கள்.

ஆசிரியர் அல்லாதவர்கள்?

நூலகர்களுக்கும் உடற்கல்வி இயக்குநர்களுக்கும் 2018 விதிமுறையிலேயே தனி முன்னேற்றப் படிகள் இருக்கின்றன, பயிற்சி நிபந்தனைகளும் உண்டு. லேப் டெக்னீஷியன், அலுவலகப் பணியாளர்கள் விஷயத்தில்தான் கல்லூரிகள் மெத்தனம். அட்மிஷன் முதல் ஸ்காலர்ஷிப் வரை எல்லாம் ஆன்லைனுக்கு மாறிவிட்டது. அதை இயக்குபவர்களுக்குப் பயிற்சி கொடுக்க யாரும் நினைப்பதில்லை. ஐக்யூஏசி கூட்டத்தில் உங்களுக்கு ஒரு இடம் இருந்தால், அடுத்த பயிற்சித் திட்டத்தில் இவர்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது

ஒரு தாளை எடுத்து நீங்கள் சேர்ந்த தேதியை எழுதுங்கள். அதிலிருந்து 4, 5 அல்லது 6 வருஷம் கூட்டி உங்கள் தகுதித் தேதியைக் குறியுங்கள். கையில் இருக்கும் சான்றிதழ்களை மூன்றாகப் பிரியுங்கள்: 21 நாள் ஓரியண்டேஷன், 5 நாளும் அதற்கு மேலும், மற்றவை. முதல் கட்டில் எதுவும் இல்லையென்றால், வேறு எந்தப் போஸ்டரையும் பார்க்காமல் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

விதிகள் மாறவும் கூடும். நியமனம், பதவி உயர்வு தொடர்பான புதிய வரைவு விதிமுறைகளை யுஜிசி 2025 ஜனவரியில் வெளியிட்டது. எனவே விண்ணப்பிக்கும் முன், உங்கள் தகுதித் தேதிக்கு எந்த விதி பொருந்தும் என்பதையும், மாநில அரசின் ஆணை என்ன சொல்கிறது என்பதையும் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்த தடவை குரூப்பில் "இது கவுண்ட் ஆகுமா?" என்று ஒரு ஜூனியர் கேட்டால், "போட்டு வைங்க" என்று சொல்லாமல், "உங்க ஓரியண்டேஷன் முடிஞ்சுதா?" என்று முதலில் கேளுங்கள்.